அமாவாசை விதி

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என்னைப் பற்றி ஒரு கதை தெரியும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். என் பிரிவு உபசார விழாவில் மேடையில் ஒருவர் அதைச் சொன்னபோது நீங்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நானும் சிரித்தேன். ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதியை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். ஏனென்றால் அந்தப் பெட்டியை இனிமேல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள்.

தொண்ணூற்று மூன்றில் நான் இங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தபோது கல்லூரியைச் சுற்றி வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைதான். திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் கடைசி டீக்கடையைத் தாண்டினால் நம் கேட். வீடு விழுப்புரத்தில். தினமும் பஸ்ஸில் வந்து போவேன். ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சாமான். இயற்பியல் துறை மொட்டைமாடியில் மரச்சட்டத்தில் சுற்றிய செம்புக் கம்பி, அதிலிருந்து கீழே இறங்கும் ஒயர், ஒயரின் முனையில் நானே சால்டரிங் செய்த ஒரு பெட்டி. பெட்டியோடு ஒரு பேனா, காகிதச் சுருளில் இரவெல்லாம் கோடு போட்டுக்கொண்டிருக்கும்.

அது என்ன கேட்கிறது என்று வருகிற விருந்தினர் எல்லோரும் கேட்பார்கள். தெற்கே ஒரு நிலையம் நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக ஓயாமல் நீண்ட அலை அனுப்பிக்கொண்டிருக்கிறது. வானத்தின் மேலடுக்கில் மின்னேற்றம் பெற்ற காற்று இருக்கிறதே, அதில் பட்டுத்தான் அந்த அலை நம்மிடம் வருகிறது. மேலடுக்கை யாராவது தொட்டால் அலையின் பலம் மாறும். பகலில் சூரியன் தொட்டுக்கொண்டே இருக்கும். இரவில் தொடக்கூடியவர்கள் ரொம்பக் குறைவு. அவர்களில் ஒருவர்தான் எனக்கு வேண்டியவர்.

நியூட்ரான் நட்சத்திரம் என்பது சூரியனைவிடக் கனமான பொருள். ஆனால் அதன் ஒரு முனையைத் திண்டிவனத்தில் வைத்தால் மறுமுனை விக்கிரவாண்டிக்குள் முடிந்துவிடும். அவற்றில் சிலவற்றின் காந்தப்புலம் நம் ஆய்வகத்துக் காந்தத்தைப்போல கோடி கோடி மடங்கு இருக்கும். அந்தப் புலம் முறுக்கேறி முறுக்கேறி, ஒரு கட்டத்தில் நட்சத்திரத்தின் மேலோட்டையே பிளந்துவிடும். உடனே எக்ஸ் கதிரும் காமா கதிரும் பீறிட்டுக் கிளம்பும். பெரிய வெடிப்பாக இருந்தால், ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தள்ளியிருக்கும் நம் மேலடுக்கையும் அது ஒரு நிமிடம் அசைத்துவிடும். நான் சேர்ந்த புதிதில் வெளிநாட்டில் நாலைந்து பேர்தான் இப்படிப்பட்ட காந்தம் இருக்க முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அதை நம்பினேன். செம்புக் கம்பி வாங்கியதும் அதற்காகத்தான்.

இனி உங்களுக்குத் தெரிந்த பாதி. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு சமயம். காலையில் டீயை வைத்துக்கொண்டு காகிதச் சுருளைப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். மாதத்தில் ஒரு இரவு மட்டும் பேனா துள்ளியிருந்தது. ஆறு மாதம் பார்த்தேன். இடைவெளியைக் கணக்குப் போட்டேன். இருபத்தொன்பதரை நாள். ஒரு நட்சத்திரம் முறை வைத்து வெடிக்கிறது, அதை ஒரு துணை நட்சத்திரம் சுற்றி வருகிறது என்று முடிவு கட்டி, பெங்களூரில் நடக்கவிருந்த மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். அவர்களும் ஏற்றுக்கொண்டு பேசுவதற்கு நேரம் ஒதுக்கிவிட்டார்கள்.

இருபத்தொன்பதரை என்ற எண்ணை டீக்கடைக்காரரிடம் சொல்லியிருந்தால்கூட அது என்னவென்று சொல்லியிருப்பார். எனக்குத் தோன்றவில்லை. காரணம் இருக்கிறது. ஒரு மாணவன் ராகு காலத்தில் ஊசல் சோதனையைத் தொடங்கமாட்டேன் என்று நின்றான். எனக்கு வந்ததே கோபம். ஆய்வகத்தில் தொங்கிய தினசரி காலண்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் தேதி மட்டும் போட்ட ஆங்கிலக் காலண்டரை மாட்டினேன். நல்ல நேரம், அஷ்டமி, நவமி எதுவும் என் கண்ணில் படக்கூடாது என்றேன். படவில்லை.

வெடிப்பு நடந்த தேதிகளைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி வைத்திருந்தேன். எங்கள் லேப் அட்டெண்டர் அஞ்சலை பெருக்க வந்தவர் பலகையைப் பார்த்ததும் விளக்குமாறைக் கீழே போட்டுவிட்டார்.

"இன்னா மேடம் இது, என் லீவு நாளெல்லாம் எழுதி வெச்சிக்கினு இருக்கீங்க?"

"உன் லீவா?"

"எல்லாத்துக்கும் லெட்டர் குடுத்துட்டுதான் மேடம் போனேன். பிரின்சிபாலுக்கு எழுதிடாதீங்க. அமாவாசைக்கு மட்டும்தான் மலையனூர் போறேன். வேற ஒரு நாள் லீவு எடுத்திருந்தா கேளுங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அமாவாசை ராத்திரி ஜனம் எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பெஷல் பஸ் எல்லாம் நம் கேட் வழியாகத்தான் போகும். கேட்டுக்கு எதிரே இட்லி போடும் அன்னதானப் பந்தல். பந்தலில் ஐம்பது டியூப்லைட், சீரியல் செட், மைக் செட், ஜெனரேட்டர். இதற்கு நடுவே பேனா துள்ளாமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

பெங்களூர் மேடையில் ஏறி, நான் கண்டுபிடித்தது இட்லிப் பந்தலைத்தான் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அரங்கமே சிரித்தது. அன்றிலிருந்து இந்தத் துறையில் எனக்கு அமாவாசை மேடம் என்று பெயர். மேடையில் நீங்கள் கேட்ட கதை இங்கே முடிந்துவிடும். தப்பை ஒத்துக்கொண்ட தைரியசாலி என்று கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்துப் போனதுதான் வினை.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு விதி போட்டேன். அமாவாசை இரவின் பதிவை யாரும் பார்க்கவே கூடாது. காகிதச் சுருள் இருந்தவரை மறுநாள் காலையில் அந்தத் துண்டைக் கிழித்துப் போட்டேன். கம்ப்யூட்டர் வந்ததும் நிரலில் ஒரு வரி எழுதினேன். ஒவ்வொரு வருஷமும் அஞ்சலையிடம் தேதிகளைக் கேட்டு வாங்கி அதில் ஏற்றிவிடுவேன். அந்த இரவுகளில் பெட்டி கேட்கும், கம்ப்யூட்டர் எதையும் சேமிக்காது. மாநாடுகளில் என் விதியைப் பற்றித் தனியாகப் பேசக் கூப்பிட்டார்கள். நானும் ரொம்பப் பெருமையாகப் பேசிவிட்டு வந்தேன்.

இப்போது நஸ்ரினைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டக்குப்பத்துப் பெண். முனைவர் பட்டத்துக்கு என்னிடம் சேர்ந்தவள். தலைப்பு, நியூட்ரான் நட்சத்திர வெடிப்பு நம் மேலடுக்கில் விட்டுச்செல்லும் தடம். தலைப்பு நன்றாகத்தான் இருந்தது, தடம்தான் கிடைக்கவில்லை. வெடிப்புகள் நடந்தன. ஒன்று நடக்கும்போது அந்த நட்சத்திரம் நம் தலைக்கு மேல் இருக்காது. இன்னொன்று நட்டநடுப் பகலில் வரும். ஐந்து வருஷம் ஓடிவிட்டது. பல்கலைக்கழகம் ஒரு வருஷம் நீட்டித்தது. அதுவும் முடிய இரண்டு மாதம்தான் பாக்கி. ஒரு நிஜமான வெடிப்பாவது இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருஷ உழைப்புக்கு ஒரு காகிதம்கூட மிஞ்சாது.

அப்போதுதான் ஒரு காலையில் வடக்கிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நாட்டில் நம்மைப்போல பெட்டி வைத்திருக்கும் கல்லூரிகளை எல்லாம் ஒருங்கிணைக்கும் ஆய்வகம் அது. முந்தின நாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு ஒரு நியூட்ரான் நட்சத்திரம் பெரிதாக வெடித்ததை விண்கலங்கள் பார்த்திருக்கின்றன. நட்சத்திரம் நம் தலைக்கு மேலே, சூரியன் இன்னும் எழவில்லை, இதைவிடத் தோதான நேரம் அமையாது. ஒவ்வொரு நிலையமும் பார்த்தோம், பார்க்கவில்லை, கருவி இயங்கவில்லை, மூன்றில் ஒன்றை மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். கூட்டு அறிக்கை அன்றே போய்விடும்.

காலண்டரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு நாளாக அஞ்சலை லீவு. அது அமாவாசை கழிந்த விடியல்.

நான் ஒன்றும் கலங்கவில்லை. அதுதான் இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கருவி இயங்கவில்லை என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டேன். நஸ்ரின் கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது."

"திட்டறதா இல்லையான்னு கேட்டுட்டுச் சொல்றேன்."

"அமாவாசை பதிவு எல்லாம் எங்கிட்ட இருக்கு மேடம். ரெண்டு வருஷமா தனியா சேமிச்சு வெச்சிக்கினு வர்றேன். குப்பைன்னு ஒரு ஃபோல்டர் போட்டு வெச்சேன். அந்தப் பேர பாத்தா யாரும் திறக்கமாட்டாங்கன்னு."

திட்டினேன். நன்றாகவே திட்டினேன். என் விதியை என் மாணவியே மீறினால் வெளியில் யார் மதிப்பார்கள் என்றேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. எதற்காகச் சேமித்தாய் என்று கேட்டேன்.

"நட்சத்திரம் அமாவாசை பாத்தா மேடம் வெடிக்கப் போவுது?"

அந்த விடியற்காலைப் பதிவின் படத்தைத் திற என்றேன். திரை முழுக்க முள்வேலி மாதிரி இரைச்சல். மலையனூரிலிருந்து பஸ்கள் திரும்புகிற நேரம், பந்தலில் கூட்டம் நெரிகிற நேரம். ஆனால் நாலே முக்காலுக்கு அந்த முள்வேலியில் ஒரு பள்ளம். சடாரென்று விழுந்து, ஒரு நிமிடம் போல மெல்ல மெல்ல மேலேறியிருந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையருகே குனிந்தேன். கூடவே பெங்களூர் அரங்கத்துச் சிரிப்பும் காதில் கேட்டது. பந்தலில் மைக் செட்டை நிறுத்தினாலும் இரைச்சல் இப்படித்தானே விழும். மறுபடி போட்டால் ஏறும். இட்லிப் பந்தலை இரண்டாவது முறையாகக் கண்டுபிடித்தவள் என்று பெயர் வாங்க நான் தயாராக இல்லை. என் பெயர் போனால் போகட்டும். பொய்யான வெடிப்பை வைத்து அவள் பட்டம் வாங்கி, பின்னால் அது இட்லி என்று தெரிந்தால் அவள் வாழ்க்கையே போய்விடும்.

"செட் நின்னுதா இல்லையான்னு தெரியணும். செட்டுக்காரர் யாரு?"

"கிளியனூர் ஏழுமலை மேடம். போன் எடுக்கமாட்டாரு. நேர்ல போயிடலாம். என் ஸ்கூட்டில உக்காருவீங்களா?"

அப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தேன். புதுச்சேரி சாலையில் அந்தப் பெண் வண்டி ஓட்டிய ஓட்டத்துக்கு, நியூட்ரான் நட்சத்திரம் சுற்றுவதெல்லாம் ஒரு வேகமே இல்லை. கிளியனூரில் ஒரு காதுகுத்து வீட்டு வாசலில் ஏழுமலை பாக்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரை அவர் பாக்ஸ் என்றுதான் சொல்வார். எங்களைக் கண்டதும் கையில் இருந்த ஒயரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"காலேஜ் மேடமா? சத்தம் ஜாஸ்தின்னு கம்ப்ளெய்ண்ட் குடுக்க வந்தீங்களா? சாமி காரியம் மேடம் அது."

"கம்ப்ளெய்ண்ட் இல்லங்க. அமாவாசை முடிஞ்சு நேத்து விடிகாலைல, நாலே முக்கால் வாக்குல செட் நின்னுச்சா? அத மட்டும் சொல்லுங்க."

"எஞ்செட்டு நிக்காது மேடம்."

"ஒரு நிமிஷம்கூட?"

"நிக்காதுன்னா நிக்காது. இன்னா மேடம் பேஜாரு பண்றீங்க."

தொழில் மானத்தில் கை வைத்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். நின்றிருந்தாலும் இதே பதில்தான் வரும். நான் சோர்ந்துபோனது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவரே இரங்கி வந்தார்.

"இன்னாதான் ஆச்சி மேடம்? உங்க மெஷின்ல சத்தம் நின்னுபோச்சா?"

"ஒரு நிமிஷம் கொறைஞ்சிருக்கு."

"எல்லாமே கொறைஞ்சிதா, ஒண்ணு மட்டும் கொறைஞ்சிதா?"

"புரியலையே."

"செட்டு நின்னா எல்லா பாக்ஸும் நின்னுபூடும் மேடம். ஒரே ஒரு பாக்ஸு மட்டும் அமுங்கிச்சின்னா அது செட்டு இல்ல, அந்த பாக்ஸுக்கு வர்ற லைன்ல இன்னாவோ ஆயிருக்குன்னு அர்த்தம். அதப் பாத்தீங்களா, இல்லியா?"

நானும் நஸ்ரினும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரைச்சல் என்பது எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடப்பது. பந்தல் நின்றிருந்தால் எல்லா வரிசையும் ஒன்றாக விழுந்திருக்கும். வானம் அசைந்திருந்தால் தெற்கத்தி நிலையத்தின் வரிசை மட்டும் விழும், பக்கத்து வரிசைகளில் இரைச்சல் அப்படியே இருக்கும். இதை நான் வகுப்பில் எத்தனையோ தடவை பாடம் நடத்தியிருக்கிறேன். அன்று காலையிலிருந்து அது என் மூளைக்கு எட்டவே இல்லை. பயந்துபோன மூளைக்குத் தெரிந்த விஷயம்கூடத் தெரியாது. நான் செட்டுக்காரரைத் தேடிக்கொண்டு போனதே, செட் நின்றது என்று யாராவது சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம் என்றுதானோ என்னவோ.

"பக்கத்து வரிசை இருக்கா நஸ்ரின்?"

"குப்பைல எல்லாம் இருக்கு மேடம். நான் எதையும் சுத்தம் பண்ணல."

"ஜல்தி கெளம்புங்க," என்றார் ஏழுமலை, எங்கே எதற்கு என்று அவருக்குத் தெரியாவிட்டாலும்.

நாங்கள் துறைக்குள் நுழைந்தபோது மணி நாலு இருபது. மற்ற இரவுகளுக்கு நாங்கள் சுத்தம் செய்து வைக்கும் கோப்புகளில் தெற்கத்தி நிலையத்தின் வரிசை ஒன்றுதான் இருக்கும். குப்பையில் எல்லா வரிசையும் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதல் வரிசையில் நாலே முக்காலுக்கு இரைச்சல் அப்படியே இருந்தது. இரண்டாவது, மூன்றாவது, எதிலும் பள்ளம் இல்லை. டியூப்லைட்டும் சீரியல் செட்டும் பஸ்ஸும் கொஞ்சமும் அசராமல் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஏழுமலையின் செட் நிற்கவில்லை. நிலையத்தின் வரிசை மட்டும்தான் விழுந்திருந்தது.

நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் பழைய பதிலை அழித்துவிட்டு, பார்த்தோம் என்று அடித்தேன். இரைச்சல் மிகுந்த இரவு என்பதையும், பக்கத்து வரிசைகளைச் சரிபார்த்தோம் என்பதையும் சேர்த்து எழுதி, எல்லா வரிசைகளையும் இணைத்து, அவள் பெயரை முதலில் போட்டு அனுப்பினேன். ஐந்தாக ஏழு நிமிடம் இருந்தது. இதுவும் இட்லியாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம் அனுப்பிய பிறகும் போகவில்லை. சரிபார்க்க முடிந்ததை எல்லாம் சரிபார்த்த பிறகும் கொஞ்சம் பயம் மிச்சமிருக்கும். அதோடுதான் அனுப்ப வேண்டும்.

ஏழு மணிக்குப் பதில் வந்தது. வேறு இரண்டு நிலையங்களும் அதே நொடியில் அதே வடிவத்தைப் பார்த்திருக்கின்றன. நஸ்ரின் வீட்டுக்கு போன் போட்டு, வாப்பா என்று சொன்னதற்குமேல் பேச முடியாமல் அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கெடுவுக்கு ஒன்பது நாள் முன்னால் அவள் ஆய்வேட்டைக் கொடுத்தாள். இன்று அவளும் உங்களைப்போல ஒரு கல்லூரியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

லீவு முடிந்து வந்த அஞ்சலையிடம் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நான் மலையனூர்ல பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தப்போ அது எந்தலைக்கு மேலதான் வந்துதா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். மறுநாள் அவரே ஒரு தினசரி காலண்டரைக் கொண்டுவந்து ஆய்வகச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். நான் அதைக் கழற்றவில்லை. இன்றும் வருஷா வருஷம் அங்கே தொங்குகிறதே, அது அப்படி வந்ததுதான்.

அன்று மாலை நஸ்ரினைக் கூப்பிட்டு, நிரலில் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன்.

"நீங்க எழுதினது மேடம். நீங்களே எடுத்துடுங்க," என்றாள்.

எடுத்தேன். ஒரு வரிதான், ஒரு நொடி வேலை. பிறகு சும்மா இருக்காமல், விதி போட்ட நாளிலிருந்து கணக்குப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம். நஸ்ரின் சேமித்த இரண்டு வருஷத்தைக் கழித்தால் பத்து. வருஷத்துக்குப் பன்னிரண்டு, சில வருஷம் பதின்மூன்று. கிட்டத்தட்ட நூற்றிருபத்தைந்து இரவுகளை நான் பார்க்காமலே கிழித்துப் போட்டிருக்கிறேன். அவற்றில் ஏதாவது ஒரு இரவில் ஏதாவது வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. நஸ்ரினுக்கு முன்னால் என்னிடம் படித்த இரண்டு பேர், ஒரு நிஜமான வெடிப்பு கிடைக்கவில்லை என்று ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுப் போனார்கள். அவர்கள் இருவரிடமும் குப்பை என்று ஒரு ஃபோல்டர் இல்லை. என் பேச்சை அவர்கள் அப்படியே கேட்டார்கள்.